புதன்கிழமைத் தையல் வகுப்பு

எனக்குத் தைக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் செங்கல்பட்டில் ஒரு சந்துக்குள் இருந்த இரண்டு அறை வீட்டில் ஆறு வருடம் நான் தையல் டீச்சராக இருந்தேன். அந்த ஆறு வருடத்தில் ஒரு ரவிக்கையை உருப்படியாகத் தைத்தது கிடையாது. கைக்குட்டைக்கு ஓரம் மடிப்பேன், தலையணை உறை தைப்பேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓர் உள்பாவாடை. அதற்கு மேல் யாராவது கேட்டால் மெஷினில் பெல்ட் அறுந்துவிட்டது என்று சொல்லிவிடுவேன்.

உண்மையில் அது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான உதவி மையம். நான் அங்கே ஆலோசகர். மையத்தை நடத்தியவர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், அதனால் எல்லோருக்கும் அவர் சிஸ்டர். வாரம் ஒரு நாள் ஒரு பெண் வக்கீல் வந்துபோவார். எங்கள் ஆள்பலம் அவ்வளவுதான். வாசலில் போர்டு கிடையாது. முன்னறையில் ஒரு மிதி மெஷின், சுவரில் ரவிக்கை அளவு போட்ட படம், மூலையில் வெட்டுத்துணி மூட்டை. உள்ளறையில் இரண்டு நாற்காலி, ஒரு கட்டில், கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். எங்கேயாவது ஒரு வார்டு நர்ஸோ அங்கன்வாடி டீச்சரோ காதோடு காதாகச் சொல்லி அனுப்ப, பெண்கள் வருவார்கள். வீட்டில் தையல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு வருவார்கள். தையல் கிளாஸுக்குப் போகாதே என்று தடுக்கும் குடும்பத்தை இந்தப் பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை.

வெறுங்கையோடு திரும்பினால் வீட்டில் கேட்பார்கள் அல்லவா? அதற்காக நானும் சிஸ்டரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரவர் வீட்டில் உட்கார்ந்து தைத்து வைப்போம். முதல் வாரத்துக்கு ஓரம் மடித்த துணி, மூன்றாவது வாரத்துக்குத் தலையணை உறை, ஏழாவது வாரத்துக்குப் பாவாடை. முதல் வாரத் தையல் கோணலாக இருக்க வேண்டும், போகப்போக நேராக வேண்டும். எனக்குக் கோணல் தானாக வரும் என்பதால் ஆரம்ப வாரங்கள் என் பொறுப்பு, மீதி சிஸ்டருடையது. உள்ளறையில் அழுது முடித்து முகம் கழுவி வருகிறவளின் கையில் அந்த வாரத்துத் துணியைக் கொடுத்து அனுப்புவோம்.

இன்னொரு விதியும் உண்டு. வெளியில் எங்கே பார்த்தாலும் அவர்களை எங்களுக்குத் தெரியாது. பஸ்ஸில், ரேஷன் கடையில், கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் உட்கார்ந்தாலும் தெரியாது. அவர்களாக வந்து பேசினால் பேசலாம். தெரிந்தவளா தெரியாதவளா என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்போது அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுடைய ஊர், வேலை, வீட்டுக்காரரின் தொழில் எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதுகிறேன். மாற்றாதது அவள் சொன்ன வார்த்தைகள் மட்டும்.

இருபத்துநாலு வயது. மாமல்லபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே உள்ளடங்கிய ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். கணவர் தண்ணீர் லாரி ஓட்டுகிறார், கேளம்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு. இவளுக்குக் கடற்கரை ஓரத்து விடுதி ஒன்றில் அறை சுத்தம் செய்கிற வேலை. சனி ஞாயிறு கூட்டம் என்பதால் புதன்கிழமைதான் லீவு. அங்கே மேற்பார்வை பார்த்தவன் செய்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை. முதல் புதன்கிழமை அவள் நாற்காலியில் உட்கார்ந்து நாற்பது நிமிடம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது வாரம் பாதி சொன்னாள். மூன்றாவது வாரம் மீதியைச் சொல்லிவிட்டு, "புகார் குடுக்கணும் டீச்சர்" என்றாள்.

வக்கீல் அன்று இருந்தார். இன்றைக்கே எழுதிவிடலாமே என்று சொன்னோம்.

"இன்னிக்கி வேணாம். மொதல்ல எங்க வூட்டுக்காரருக்குத் தெரியணும். போலீஸ் சொல்லியோ ஊருல எவனோ சொல்லியோ தெரியக் கூடாது. நான் சொல்லி அவுரு கேக்கணும். அதுக்கு அப்புறம் எங்க வேணா வர்றேன்."

ஒன்றும் பெரிய கோரிக்கை இல்லை. நடந்தது எதுவும் அவள் கையில் இருக்கவில்லை, சொல்வதாவது அவள் கையில் இருக்கட்டும் என்றாள். அதற்குத்தான் ஒவ்வொரு புதன்கிழமையும் வந்தாள். எந்த வார்த்தையில் தொடங்குவது, அவர் எழுந்து போனால் என்ன செய்வது, நடுவில் அழுகை வந்தால் எங்கே நிறுத்தி எங்கே தொடர்வது என்று பழகிக்கொண்டோம். நான் கணவராக உட்கார்ந்திருப்பேன். அவள் சொல்வாள். நன்றாகச் சொல்வாள், பிறகு பாதியில் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள்.

நாலாவது வாரம் வினை வந்தது. மாமியார் கூடவே வந்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் கிளாஸ் விசாரிக்க வேண்டுமாம். வந்தவர் சும்மா இல்லாமல் பையிலிருந்து ஒரு ரவிக்கைத் துணியை எடுத்து நீட்டினார்.

"டீச்சரு, எம் மருமவ நல்லாத்தான் கத்துகினு கீறா. இத்த என் அளவுக்கு வெட்டிக் குடு, பாக்கலாம்."

சிஸ்டர் ஊரில் இல்லை. அளவு நாடாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான் துணியை விரித்தேன். அவள் உள்ளறைக் கதவில் சாய்ந்தபடி நின்றிருந்தாள், முகத்தில் ரத்தமே இல்லை. அந்த நேரம் பார்த்து, கையில் ஃபைலோடு ஓர் அதிகாரி உள்ளே வந்தார். எங்களுக்கு நிதி தந்துகொண்டிருந்த அலுவலகத்திலிருந்து. எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. முன்தகவல் எதுவும் இல்லாத ஆய்வு.

"என்னம்மா நடக்குது இங்க?"

மாமியார் என்னைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"தையல் வகுப்பு சார்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல சார்."

அவர் மெஷினைப் பார்த்தார், அளவுப் படத்தைப் பார்த்தார், எழுதிக்கொண்டு போய்விட்டார். பின்னாலேயே ஓடிப் போய் விளக்கியிருக்க வேண்டும். மாமியார் ரவிக்கைக்காகக் காத்துக்கொண்டிருந்தார், எப்படி ஓடுவது? கடைசியில் வெட்டி முடித்தபோது இரண்டு கையும் இடது கையாக வந்திருந்தது. அந்த அம்மாள் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பரவால்ல வுடு" என்று சொல்லி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவர்கள் தெருவைத் தாண்டியதும் அதிகாரிக்கு எட்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.

நல்ல சேதி அனுப்ப ஆறு மாதம் எடுத்துக்கொள்ளும் அலுவலகம் இதற்குப் பதினைந்து நாள்தான் எடுத்துக்கொண்டது. தையல் பயிற்சி இந்தத் திட்டத்தின் நோக்கத்தில் அடங்காது, எனவே நிதி நிறுத்தப்படுகிறது என்று கடிதம். சிஸ்டர் அதைப் படித்துவிட்டு முதலில் சிரித்தார். "அவ்வளவு நல்லா நடிச்சியா?" என்றார். பிறகு உட்கார்ந்து பதில் எழுதினார். இது ஏன் தையல் வகுப்பு போல இருக்கிறது, ஏன் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மூன்று பக்கம். அதற்குப் பதில் வந்தது. அப்படியானால் பயன்பெற்ற பெண்களின் பெயர், முகவரி, புகைப்படத்தோடு பட்டியல் சமர்ப்பிக்கவும்.

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் காகிதத்தை மெஷின் ஊசியில் மாட்டி நாலு தையல் போட்டேன். நான் போட்ட நேரான தையல் அது ஒன்றுதான்.

பட்டியல் தரமாட்டோம் என்று முடிவு. ஆகவே தெருவுக்கு வருவதைத் தவிர வழி இல்லை என்றார் சிஸ்டர். கையெழுத்து வாங்குவது, துண்டுப் பிரசுரம் கொடுப்பது, கடைசியில் செங்கல்பட்டில் ஓர் ஆர்ப்பாட்டம். நான் கூடவே கூடாது என்றேன். ஒளிந்திருப்பதால்தான் அந்த இடம் பிழைத்திருக்கிறது, அதைக் காப்பாற்ற ஒலிபெருக்கி வைத்துப் பேசுவதா? இரண்டு நாள் வாக்குவாதம். கடைசியில் நிபந்தனை பேசிக்கொண்டோம். மையம் எந்தத் தெருவில் என்று சொல்லக் கூடாது. தையல் என்ற வார்த்தையே வரக் கூடாது. பேசுவது சிஸ்டர் மட்டும். குடும்பத்து ஆட்கள் என்னை டீச்சராகப் பார்த்திருப்பதால் நான் எங்கே நின்றாலும் முகக்கவசத்தோடு நிற்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது.

"கவசம் மூக்குக்கு இல்ல, உன் வாய்க்கு" என்றார் சிஸ்டர். என்னை அவருக்குத் தெரியும்.

கூடுவாஞ்சேரி ரயில் நிலையப் படிக்கட்டில் காலையில் நின்றோம். ஆண்கள் பிரசுரத்தை வாங்கி, முதல் வரியைப் படித்ததும் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேகமாக நடந்தார்கள். ஒருவர் மட்டும் திரும்பி வந்து, "இந்த மாதிரி வார்த்தையெல்லாம் பொது எடத்துல போடலாமா மேடம்?" என்றார். பெண்கள் வேறு மாதிரி. வாங்கும்போது முகத்தைப் பார்க்க மாட்டார்கள். ஆனால் இரண்டு கேட்பார்கள். ஒன்றைக் கீழே போடுவார்கள், இன்னொன்று கைப்பைக்குள் போய்விடும்.

கேளம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடியில் சங்கச் செயலாளர் குளிரூட்டிய அறையில் உட்காரவைத்து, எத்தனை கேஸ், எந்த வயது, எந்த ஏரியா என்று படம் போட்டுக் காட்டுவீர்களா என்று கேட்டார். சிஸ்டர் முடியாது என்றதும், "டேட்டா இல்லாம எப்படி மேடம் நம்பறது?" என்றார். கெட்டவர் இல்லை, காபி எல்லாம் கொடுத்தார். நம்ப வேண்டுமென்றால் காட்டு என்கிறார்கள் எல்லோரும். காட்டக் கூடாது என்பதுதானே எங்கள் வேலை. நான் கவசத்துக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு காபியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன்.

மாமல்லபுரம் பஸ் நிலையத்தில் ஒரு கட்சிக்காரர் வந்தார். "சிஸ்டர், நம்ம ஆளுங்க அஞ்சு வேன் கூட்டியாறேன். பேனர்ல என் போட்டோ மட்டும் போட்டுடு, இன்னா?" சிஸ்டர் அவரிடம் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார். அவர் போட்ட கையெழுத்து மூன்று பேர் இடத்தை அடைத்துக்கொண்டது.

பதினோராவது புதன்கிழமை அவள் வந்தாள். ஆர்ப்பாட்டம் வெள்ளிக்கிழமை என்று முடிவாகியிருந்தது. அன்று அவள் நாற்காலியில் நேராக உட்கார்ந்து, ஆரம்பத்திலிருந்து கடைசி வரை சொன்னாள். மின்விசிறியைப் பார்க்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு, "ஞாயித்துக்கெழம சொல்லிடறேன் டீச்சர்" என்றாள்.

"முடிவு பண்ணிட்டியா?"

"ம். அன்னிக்கி லாரி ஓடாது. நான் லீவு கேட்டுகினேன். கடலோரமா இட்டுகினு போவச் சொல்லியிருக்கேன். அங்கதான் சொல்வேன். வூட்ல சொன்னா, அந்த எடத்தப் பாக்கும்போதெல்லாம் ஞாபகம் வரும்."

பிறகு ஒரு விஷயம் சொன்னாள், கொஞ்சம் சிரித்துக்கொண்டே. மூன்றாவது வாரத் தலையணை உறையைக் கணவர் லாரியில் வைத்திருக்கிறாராம். தண்ணீர் பிடிக்க வரிசையில் நிற்கும்போது அதில் தலை வைத்துத்தான் படுப்பாராம். எம் பொண்டாட்டி தச்சது என்று எல்லா டிரைவரிடமும் காட்டுவாராம். "ரொம்பக் கோணலா கீதுன்னு சிரிக்கிறாங்களாம். நீங்க தச்சதுதானே அது?" என்று கேட்டாள். நான்தான் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாள் எதுவும் நடக்காமல் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் என் வேண்டுதல்.

வெள்ளிக்கிழமை காலை பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கூடினோம். எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் அதிகம். கல்லூரிப் பெண்கள், அங்கன்வாடிக்காரர்கள், கூடுவாஞ்சேரியில் பிரசுரம் வாங்கிப் போன இரண்டு மூன்று பேர். எங்களிடம் வந்துபோன பெண்கள் சிலரும் கூட்டத்தில் நின்றார்கள். நாங்கள் அவர்களைத் தெரியாதது போலவே இருந்தோம், அவர்களும் எங்களைத் தெரியாதது போல எங்களுக்காகக் கோஷம் போட்டார்கள். சிஸ்டர் அளவாகப் பேசினார். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

மனுவை வாங்கிக்கொள்ள வந்தவர் அதே அதிகாரி. மனுவை வாங்கினார், போயிருக்கலாம். டிவிக்காரப் பையன் ஒருவன் மைக்கை நீட்டினான். அவர் நின்றார்.

"நானே நேர்ல போய்ப் பார்த்தேன். ரெண்டு ரூம், ஒரு மெஷின். பொழுது போகாத பொம்பளைங்க நாலு பேர் வந்து ஊர்வம்பு பேசறாங்க. அதுக்கு எதுக்கு மக்கள் பணம்? பாதிக்கப்பட்டவங்க யாராவது இருந்தா வந்து சொல்லட்டுமே, யார் வேணாங்கறா?"

கூட்டத்தில் நின்ற அந்தப் பெண்களில் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு கவசத்தை எப்போது கீழே இழுத்தேன், எப்படி மைக்குக்கு முன்னால் போனேன் என்று எனக்கு நினைவில்லை. வீடியோவில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"நீங்க பார்த்தது தையல் மெஷின்தான் சார்! செங்கல்பட்டுக்குத் தையல் கிளாஸ் போறேன்னு வீட்டுல பொய் சொல்லிட்டுத்தான் எங்ககிட்ட வர்றாங்க. தனக்கு நடந்ததை வாயால சொல்ல முடியாம அந்த மெஷின் பக்கத்துல உக்காந்து அழறாங்க. நாங்க தச்சுக் குடுத்த தலகாணி உறையை வீட்டுக்குக் கொண்டு போறாங்க. நான்தான் அந்தத் தையல் டீச்சர்! போர்டு மாட்டினா எவ வருவா? உங்க வீட்டுப் பொண்ணு வருவாளா சார்?"

கைதட்டல் எழுந்தது. விசில்கூட அடித்தார்கள். அதிகாரியின் முகம் சிறுத்துப்போனது. எனக்கு அது சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். அப்போதுதான் சிஸ்டரின் கை என் முழங்கைக்கு மேலே இறுக்கிப் பிடித்திருப்பது தெரிந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். என்ன செய்துவிட்டேன் என்று அதற்கப்புறம்தான் உறைத்தது.

டிவிக்காரனிடம் ஓடினேன். அதை மட்டும் எடுத்துவிடு தம்பி என்று கையைப் பிடித்துக்கொண்டேன். "லைவ்ல போய்கினு இருந்துச்சு மேடம். சூப்பரா பேசினீங்க" என்றான்.

மையத்துக்குத் திரும்பியதும் சிஸ்டர் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். யாருக்கு எந்த நேரத்தில் போன் செய்யலாம் என்று ஒவ்வொரு பெயருக்கும் குறித்து வைத்திருப்போம். ஒருத்திக்குக் காலையில், ஒருத்திக்கு மாமனார் வெளியே போன பிறகு. அதையெல்லாம் பார்க்க இப்போது நேரமில்லை. சிஸ்டர் ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார். அவளுக்குக் கூப்பிட வழியில்லை. வேலைக்குப் போகும்போது அவள் போன் கொண்டுபோகக் கூடாது. வீட்டு எண் என்றால் மாமியார் எடுப்பார். அவள் ஷிப்ட் நாலு மணிக்கு முடியும். நான் மாமல்லபுரம் பஸ்ஸைப் பிடித்தேன். வேலை செய்கிற இடத்துக்குப் போகக் கூடாது என்பதும் எங்கள் விதிதான். ஒரு விதியை உடைத்தாயிற்று, இன்னொன்றுக்கு என்ன வந்தது?

கவசத்தைக் கண் வரைக்கும் ஏற்றிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் முன்சீட்டில் இருந்த பெண்ணின் போனிலிருந்து என் குரல் கேட்டது. "நான்தான் அந்தத் தையல் டீச்சர்!" அவள் அதைப் பக்கத்தில் இருந்தவளிடம் காட்டினாள். இருவரும் இரண்டாவது முறை போட்டுப் பார்த்தார்கள். "கரெக்டா கேட்டுச்சு பாரு" என்றாள் ஒருத்தி. பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று ஆள் ஏற்றியது. டிரைவரைத் திட்ட வேண்டும் போலிருந்தது. அவள் இன்னும் பார்த்திருக்க மாட்டாள், கணவர் தண்ணீர் அடிக்கிற அவசரத்தில் போனைத் தொட்டிருக்க மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே போனேன்.

விடுதியின் பக்கவாட்டுக் கதவுக்கு மூன்றரைக்குப் போய்விட்டேன். நாலு மணிக்குப் பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். அவள் வரவில்லை. நாலே கால் ஆனது. காவலாளியிடம், உறவுக்காரி என்று சொல்லி அவள் பெயரைக் கேட்டேன்.

"அதுவா? மத்தியானமே அத்த அவுங்க வூட்டுக்காரு வந்து இட்டுகினு போய்ட்டாரு மா. தண்ணி லாரிய வெளியவே நிறுத்திகினு, ஒடனே வரச் சொல்லுன்னாரு. இன்னா அவசரமோ."

அவர் குரல் எப்படி இருந்தது என்று கேட்டேன். காவலாளி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "லாரிக்காரன் கொரல் எப்டி கீறும்? சத்தமாத்தான் கீறும்."

அவள் வீட்டுக்குப் போகலாமா என்று அந்தச் சாலையோரத்தில் நின்று யோசித்தேன். போனால் நான் யார்? ஊரே இப்போது பார்த்துக்கொண்டிருக்கும் டீச்சர். அவளுக்கு இன்னும் கேடுதான். எதிர்ப்பக்கம் சவுக்குத் தோப்புக்கு அந்தாண்டை கடல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் வரவேண்டிய கடல். நான் ஊர் திரும்பும் பஸ்ஸில் ஏறினேன்.

சனி போனது, ஞாயிறு போனது. சிஸ்டர் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலாம். திங்கள்கிழமை மதியம் போன் வந்தது. அந்த வீடியோ மேலே வரைக்கும் போய்விட்டதாம். நிதி தொடரும், ஆய்வறிக்கை ரத்து. கட்சிக்காரர் பொன்னாடையோடு வந்துவிட்டார். கல்லூரிப் பெண்கள் இனிப்பு வாங்கி வந்தார்கள். என்னோடு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். நான் உள்ளறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். எத்தனையோ பேருக்காகப் போட்ட தாழ்ப்பாள், அன்றைக்கு எனக்காகப் போட்டேன்.

புதன்கிழமை பத்து மணிக்கு அவள் வந்தாள். சந்து முனையில் லாரியின் சத்தம் கேட்டது, அது போகவில்லை, நின்றது. அவள் மட்டும் நடந்து வந்தாள். அடி எதுவும் இல்லை. முதலில் அதைத்தான் பார்த்தேன்.

உள்ளே போய் நாற்காலியில் உட்காரவில்லை. மெஷினுக்குப் பக்கத்தில் நின்றபடியே சொன்னாள். வெள்ளிக்கிழமை தண்ணீர் வரிசையில் எல்லா டிரைவரும் அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறார்கள். ஒருவன் கேட்டிருக்கிறான், "அண்ணாத்த, உன் வூட்லயும் செங்கல்பட்டுக்குத் தையல் கிளாஸ் போவுதுன்ன இல்ல? அந்தத் தலகாணி?" கணவர் நேரே விடுதிக்கு வந்து அவளை ஏற்றிக்கொண்டு, கொஞ்ச தூரம் போய் லாரியை ஓரம் கட்டி, அந்த உறையை மடியில் போட்டு, "இது யார் தச்சது?" என்று கேட்டாராம்.

"சொன்னியா?"

"சொல்லாம? இன்ஜின் ஓடிகினே இருந்துச்சு, கத்திதான் சொல்ல வேண்டியதாப் போச்சு. நாம பேசி வெச்சிருந்தோமே, அதுல ஒரு வார்த்தகூட வரல." அவள் மெஷின் மேல் கிடந்த அளவு நாடாவை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். "அவுரு அடிக்கல. அழுதாரு. அஞ்சு ராத்திரியும் லாரியிலயே படுத்தாரு. இன்னிக்கி அவுராத்தான் ஏறுன்னாரு. கூட நிப்பாருன்னுதான் நெனைக்கிறேன். அது இல்ல டீச்சர். நான் சொல்லி அவுரு கேக்கணும்னு இருந்தேன். அவுரு கேட்டு நான் பதில் சொல்றாப்ல ஆயிடுச்சு."

மன்னிச்சிடு என்றேன். மைக்குக்கு முன்னால் அவ்வளவு பேசிய எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் வந்தது.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "பதினோரு வாரம் எங்க வூட்ல ஒரு தபாகூட தடுமாறாம பொய் சொன்னேன். சின்ன விஷயமா அது? நீங்க ஒரு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா?"

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலக் கேட்டாள். பிறகு சிஸ்டரோடு பேச வேண்டும் என்று உள்ளறைக்குப் போனாள். கதவு சாத்திக்கொண்டது. நான் முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் புகார் கொடுத்தாள். கூடப் போனது சிஸ்டரும் வக்கீலும். அதன் பிறகு அவளுடைய கோப்பை நான் தொட்டதில்லை, அவள் அப்படிக் கேட்டுக்கொண்டாள்.

மையம் இப்போதும் நடக்கிறது. இடம் மாறிவிட்டது. வீட்டில் என்ன சொல்லிவிட்டு வருகிறார்கள் என்பதும் மாறிவிட்டது. அது என்ன என்று இங்கே எழுத மாட்டேன். பழைய பெண்களில் சிலர் திரும்பி வரவே இல்லை. நிதி வந்த கதையைக் கூட்டங்களில் சொல்லும்போது எல்லோரும் என் வீடியோவைத்தான் போடுகிறார்கள். நான் அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய்விடுவேன்.

போன மாதம் கேளம்பாக்கம் சந்திப்பில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றிருந்தேன். பக்கத்தில் அவள். அடுக்குமாடி ஒன்றின் சீருடைப் புடவை, கழுத்தில் அடையாள அட்டை, கூட இன்னொரு பெண். புதிய வேலை போலிருக்கிறது. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். நான் சட்டென்று எதிர்ச் சுவர் போஸ்டர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனாலும் கூட வந்தவள் என்னைக் கண்டுகொண்டாள்.

"ஏய், இவுங்க அந்த வீடியோல வந்தவுங்க இல்ல? தையல் டீச்சர்னு பேசுனாங்களே? ஒனக்குத் தெரியுமா இவுங்கள?"

அவள் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவசரமே படாமல், முன்பின் பார்க்காத ஒருத்தியைப் பார்ப்பது போல.

"தெரியாதே" என்றாள். "யாரு?"

அவ்வளவு சுத்தமாகச் சொன்னாள். எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. கேட்டவள் பதிலுக்காக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டோ வருவதற்கு ஒரு நிமிடம் ஆனது. பேசுவதற்கு எனக்கு எவ்வளவோ இருந்தது. வழக்கு எப்படிப் போகிறது, வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார், நீ எப்படி இருக்கிறாய் என்று. "நான் இல்லம்மா, வேற யாரோ" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர்கள் ஏறிப் போகிற வரைக்கும் போஸ்டரைப் பார்த்தபடி நின்றேன்.